'எல்லாத்தையும் மாத்துங்க... என் கேரக்டரை மட்டும் தொடாதீங்க!' - டி அண்ட் டி ரசிகர்கள் கேட்டதும் கிடைத்ததும்

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' முதல் எபிசோடு ஞாபகம் இருக்கா? 1983 நவம்பர். வீட்டின் பேஸ்மென்ட்டில் நான்கு பையன்கள் ஒரு டேபிளைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். எதிரே டெமோகார்கன் வந்துவிட்டது. தப்பிக்க வேண்டுமென்றால் வில் 13 அல்லது அதற்கு மேல் போட வேண்டும். பதற்றத்தில் அவன் உருட்டிய பகடை டேபிளை விட்டு எங்கேயோ ஓடிவிடும். விழுந்தது 7. ஆட்டத்தை நடத்தும் மைக் அதைப் பார்க்கவே இல்லை. மற்ற இரண்டு பேரும் 'அவன் பார்க்கலைன்னா கணக்கே இல்லைடா' கட்சி. ஆனால், வீட்டுக்குக் கிளம்பும்போது வில் தானாகவே போய் மைக்கிடம் உண்மையைச் சொல்லிவிடுவான்.

யாருமே பார்க்காத ஒரு பகடைக்கு எதற்கு இவ்வளவு நேர்மை? அவர்கள் விளையாடிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' அப்படிப்பட்ட ஆட்டம். சுருக்கமாக 'டி அண்ட் டி'. இதில் ஜெயித்தவர், தோற்றவர் கிடையாது. ஸ்கோர் போர்டு கிடையாது. 'எழுதிவெச்ச ரூலுக்கு நாம எல்லாரும் கட்டுப்படுறோம்' என்று நண்பர்களுக்குள் ஒரு ஒப்பந்தம், அவ்வளவுதான். அந்த ஒப்பந்தம் அச்சாகியிருக்கும் புத்தகத்தையே திருத்தி எழுதப்போகிறோம் என்று, அதை வெளியிடும் 'விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' நிறுவனம் 2022 ஆகஸ்ட்டில் அறிவித்தது. ரசிகர்கள் சந்தோஷப்பட்டார்கள். கூடவே வயிற்றில் புளியும் கரைந்தது.

ஏன் என்று புரிய, ஆட்டம் எப்படி நடக்கிறது என்று ஒரு நிமிடம் பார்த்துவிடலாம். தெரிந்தவர்கள் அடுத்த பகுதிக்குத் தாவிவிடுங்கள்.

நான்கைந்து பேர் உட்காருவார்கள். ஒருவர் 'டன்ஜன் மாஸ்டர்'. கதை சொல்வது, அரக்கர்களை நடத்துவது, தீர்ப்பு சொல்வது எல்லாம் அவர் வேலை. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு கேரக்டர். வாள்வீரன், மந்திரவாதி, திருடன் என்று நீங்களே உருவாக்கிக்கொள்ளலாம். 'நான் அந்த மதில்மேல ஏறுறேன்' என்பீர்கள். முடியுமா, முடியாதா என்பதை 20 முகம் கொண்ட பகடை சொல்லும். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்று காத்திருப்போம் இல்லையா, அந்தப் படபடப்பேதான். ஆனால், இங்கே இறங்குவது காய் இல்லை. நீங்கள் இரண்டு வருடமாக, மூன்று வருடமாகப் பேர் வைத்து வளர்த்த ஓர் ஆள். அவருக்கு என்ன திறமை, எத்தனை அடி தாங்குவார், எந்த மந்திரம் தெரியும் என்று முடிவுசெய்வது ரூல்புக். அங்கே ஒரு வரி மாறினால், உங்கள் ஆள் மாறிவிடுவார்.

பழைய காயம்

1974-ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் கொண்டுவந்த விளையாட்டு இது. அப்போதிலிருந்தே ரூல்புக் மாறிக்கொண்டுதான் வருகிறது. ஒவ்வொரு மாற்றமும் சண்டையில்லாமல் நடந்ததில்லை. 2008-ல் வந்த நான்காம் பதிப்பைச் சொன்னால் சீனியர் ரசிகர்கள் இன்றும் பெருமூச்சு விடுவார்கள். ஆட்டத்தை அடியோடு மாற்றிய பதிப்பு அது. 'இது நாங்க விளையாடினதே இல்லை' என்று ஒரு பெரிய கூட்டம் கிளம்பிவிட்டது. மூன்றாம் பதிப்பின் ரூல்களை அடிப்படையாக வைத்து 'பைஸோ' நிறுவனம் 2009-ல் 'பாத்ஃபைண்டர்' என்று தனி விளையாட்டே வெளியிட, அந்தக் கூட்டம் அங்கே போய் உட்கார்ந்துகொண்டது.

பாடம் கற்ற விசார்ட்ஸ், ஐந்தாம் பதிப்பை ரசிகர்களிடம் முன்கூட்டியே கொடுத்து, கருத்துக் கேட்டு, 2014-ல் வெளியிட்டது. அது செம ஹிட். அடுத்த வருடமே, குரல் நடிகர்கள் சிலர் தாங்கள் விளையாடுவதை லைவாகக் காட்டிய 'கிரிட்டிகல் ரோல்' நிகழ்ச்சி ஆரம்பமானது. 2016-ல் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்'. 2023-ல் இதே ரூல்களை வைத்து வந்த 'பால்டர்ஸ் கேட் 3' வீடியோ கேம், அந்த வருடத்தின் சிறந்த கேம் விருதைத் தட்டியது. பகடையைக் கையால் தொடாதவர்களுக்குக்கூட டி அண்ட் டி தெரிய ஆரம்பித்தது இந்தப் பத்து வருடங்களில்தான்.

ஆக, திருத்தம் என்றதும் எழுந்த முதல் கோரிக்கை, 'ஐந்தாம் பதிப்பைக் கெடுத்துடாதீங்க' என்பதுதான். இரண்டாவது கோரிக்கை, 'ஆனா, இதையெல்லாம் சரி பண்ணுங்க'. அதற்கு நீளமாக ஒரு லிஸ்ட் இருந்தது.

வெட்டுறேன்... மறுபடியும் வெட்டுறேன்

லிஸ்ட்டில் மேலே இருந்தது வாள்வீரர்களின் குமுறல். 2014 புத்தகப்படி, ஃபைட்டர் கேரக்டர் எடுத்தவர் தன் முறை வரும்போது 'வெட்டுறேன்' என்பார். பகடை உருட்டுவார். அடுத்த முறையும் 'வெட்டுறேன்'. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மந்திரவாதியோ உயர்ந்த லெவலுக்குப் போனதும் காலத்தை நிறுத்துவார், வானத்திலிருந்து எரிகற்களை இறக்குவார். ஒரே டேபிள், ஒரே லெவல். ஒருவர் சூப்பர் ஹீரோ, இன்னொருவர் அவருக்கு பாடிகார்டு.

புதிய புத்தகம் கொடுத்த பதில் 'வெப்பன் மாஸ்டரி'. ஒவ்வோர் ஆயுதத்துக்கும் ஒரு குணம். பயிற்சி பெற்றவர் கையில் ஒரு ஆயுதம் எதிரியைத் தரையில் சாய்க்கும், இன்னொன்று 10 அடி தள்ளிவிடும். பெரிய வாளில் குறி தப்பினாலும் கொஞ்சம் காயம் நிச்சயம். கேட்கச் சின்ன விஷயம்தான். ஆனால், மலை உச்சியில் நடக்கும் சண்டையில் எதிரியை 10 அடி தள்ளலாம் என்றால், வாள்வீரரும் யோசிக்க ஆரம்பிப்பார் இல்லையா? காலத்தை நிறுத்துகிறவருக்கு இது ஈடாகாது என்று முணுமுணுப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதும் நியாயம்தான். ஆனாலும் டேபிளில் போரடிக்கவில்லை என்பதே பெரிய விஷயம்.

மாங்க் என்கிற தற்காப்புக்கலைத் துறவிக்கு அடித்தது ஜாக்பாட். முன்பு பறந்துவரும் அம்பை மட்டும் பிடிக்க முடிந்தவர், இப்போது வாள்வெட்டையும் தட்டிவிடலாம். இரண்டு முறை குத்திவிட்டு சக்தி தீர்ந்துபோய் நிற்கும் அவலமும் குறைந்திருக்கிறது.

எனக்குப் பிடித்த மாற்றம் வேறு. சண்டை நடுவே காயம் ஆற்றும் மருந்தைக் குடிக்க, பழைய புத்தகப்படி உங்கள் முறையின் முக்கியச் செயல் முழுவதையும் செலவிட வேண்டும். 'ஒரு மடக்கு மருந்து குடிக்க இவ்ளோ நேரமா?' என்று பல டேபிள்களில் அந்த ரூலைத் தாங்களாகவே தளர்த்திக்கொண்டார்கள். குடித்துவிட்டு வாளையும் வீசலாம் என்பது வீட்டு ரூல் ஆனது. 2024 புத்தகம் அதை அப்படியே அதிகாரபூர்வ ரூலாக்கிவிட்டது. காயம் ஆற்றும் மந்திரத்துக்கும் ஒரு பகடைக்குப் பதில் இரண்டு. மந்திரத்தால் எட்டு ஓநாய்களை வரவழைத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பகடை உருட்டி, மற்றவர்களை மொபைல் நோண்ட வைத்த மந்திரம் ஒன்று இருந்ததே, அதையும் ஒரே ஆவிக்கூட்டமாகச் சுருக்கிவிட்டார்கள். எட்டு ஓநாய் ஆசாமியோடு விளையாடியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கருத்துக் கேட்டால் இப்படியும் நடக்கும்

இந்த மாற்றங்கள் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 2022 ஆகஸ்ட்டிலிருந்து ஒரு வருடத்துக்கும் மேலாக, தவணை தவணையாகச் சோதனை ரூல்களை வெளியிட்டு, விளையாடச் சொல்லி, சர்வே எடுத்தார்கள். ரசிகர்களின் ஆசை எவ்வளவு முரண்பாடானது என்று அப்போதுதான் தெரிந்தது.

முதல் தவணையிலேயே ஒரு குண்டு. பகடையில் 20 விழுந்தால் இரட்டிப்புக் காயம் என்ற ஸ்பெஷல் அடி இனி வீரர்களின் ஆயுதத் தாக்குதலுக்கு மட்டும், அரக்கர்களுக்குக் கிடையாது என்றார்கள். வீரர்களுக்கு நல்லதுதானே? இல்லை! 'அரக்கன் அடிச்சா பயம் வேணாமா?' என்று எதிர்ப்பு வந்தது வீரர்களிடமிருந்தே. அடுத்த தவணையில் அரக்கர்களின் உரிமை திரும்பக் கிடைத்தது.

மிருகமாக உருமாறும் ட்ரூயிட்டுக்கு, நூற்றுக்கணக்கான மிருகங்களின் விவரத்தைப் புரட்டுவது கஷ்டம் என்று பொதுவான ஒரு 'நில மிருகம்' வார்ப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். 'கரடியா மாறினா கரடி மாதிரி இருக்கணும், ஃபார்ம் ஃபில்லப் பண்ண மாதிரி இருக்கக் கூடாது' என்கிற ரீதியில் விமர்சனம். வார்ப்பு வாபஸ். வார்லாக் கேரக்டரின் மந்திர முறையை மாற்றியதும் வாபஸ். மிருகத் தலையோடு 'ஆர்ட்லிங்' என்று ஒரு புது இனத்தை அறிமுகப்படுத்தி, திருத்தி, கடைசியில் புத்தகத்தில் இடமே கொடுக்காமல் அனுப்பிவிட்டார்கள். பாவம்.

சர்வே வைத்து ரூல் எழுதுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பழகிய ஒன்றை யாரும் அவ்வளவு சீக்கிரம் விட்டுத்தர மாட்டார்கள். துணிச்சலான மாற்றங்கள் முதலில் அடிபடும், பாதுகாப்பான மாற்றங்கள் தேறும். 2024 புத்தகம் நன்றாக இருக்கிறது, ஆனால் ஆச்சர்யப்படுத்தவில்லை என்று தோன்றுவதற்குக் காரணம் இதுதான். நான்காம் பதிப்பு மாதிரி ரசிகர்கள் பிரிந்து போகாததற்கும் இதேதான் காரணம்.

ரூல் யாருக்குச் சொந்தம்?

இந்தச் சோதனை நடந்துகொண்டிருந்தபோதே, 2023 ஜனவரியில் பெரிய பூகம்பம். 2000-ம் ஆண்டிலிருந்து டி அண்ட் டி-க்கு ஒரு திறந்த உரிமம் உண்டு. அடிப்படை ரூல்களைப் பயன்படுத்தி யார் வேண்டுமானாலும் கதை எழுதலாம், புத்தகம் போடலாம், விற்கலாம். அதை நம்பி சின்னச் சின்னப் பதிப்பகங்கள் நிறைய வளர்ந்திருந்தன. அந்த உரிமத்தைச் செல்லாததாக்கி, ஆண்டுக்கு 7,50,000 டாலருக்கு மேல் வருமானம் வருபவர்களிடம் ராயல்டி கேட்கும் புதிய வரைவு ஒன்று லீக் ஆனது.

அதுவரை மாங்க்குக்காகவும் மருந்துக்காகவும் வாதாடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் ஒன்று சேர்ந்துவிட்டார்கள். விசார்ட்ஸுக்குச் சொந்தமான 'டி அண்ட் டி பியாண்ட்' தளத்தின் சந்தாவை ரத்து செய்து, ஸ்கிரீன்ஷாட்டைப் பகிர்ந்தார்கள். பாத்ஃபைண்டர் வெளியிடும் பைஸோ, யாரும் ரத்து செய்ய முடியாத தனி உரிமம் ஒன்றை உருவாக்குவோம் என்று அறிவித்தது. ஜனவரி 27-ம் தேதி விசார்ட்ஸ் இறங்கிவந்தது. பழைய உரிமம் தொடரும் என்றது. கூடவே ஐந்தாம் பதிப்பின் அடிப்படை ரூல்களை 'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிமத்தில் வெளியிட்டது. அந்த உரிமத்தில் ஒருமுறை கொடுத்ததைத் திரும்பப் பறிக்க முடியாது.

ரசிகர்களின் எதிர்பார்ப்பு அங்கேதான் மாறியது என்பேன். 'என்ன ரூல் வரும்?' என்ற கேள்வியோடு 'நாளைக்கு இதையும் பிடுங்கிப்பாங்களா?' என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது.

அந்தச் சந்தேகம் வீண்போகவில்லை. 2024 ஆகஸ்ட்டில், புதிய புத்தகம் வருவதற்குச் சில வாரங்கள் முன்பு, டி அண்ட் டி பியாண்டில் இருக்கும் கேரக்டர் ஷீட்களில் பழைய மந்திரங்களுக்குப் பதில் புதியவை தானாக மாறிவிடும் என்று அறிவிப்பு வந்தது. யோசித்துப் பாருங்கள். காசு கொடுத்து டிஜிட்டலாக 2014 புத்தகம் வாங்கியிருக்கிறீர்கள். சனிக்கிழமை ஆட்டம் பாதியில் நிற்கிறது. அடுத்த வாரம் ஷீட்டைத் திறந்தால் உங்கள் மந்திரவாதியின் மந்திரம் வேறு மாதிரி வேலை செய்யும். பழையது வேண்டுமென்றால் நீங்களே கையால் டைப் செய்துகொள்ள வேண்டும். மறுபடி கொந்தளிப்பு, சில நாள்களிலேயே வாபஸ். அலமாரியில் இருக்கும் காகிதப் புத்தகத்தை யாரும் ராத்திரியோடு ராத்திரியாக மாற்ற முடியாது. போனில் வாழும் நமக்கு இது கொஞ்சம் உறுத்த வேண்டிய விஷயம்தான்.

மூன்று புத்தகங்களும் ஒரு ரேஞ்சரும்

2024 செப்டம்பரில் 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்', நவம்பரில் 'டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு', 2025 பிப்ரவரியில் 'மான்ஸ்டர் மேனுவல்'. ஒவ்வொன்றும் 384 பக்கம், 49.99 டாலர்.

ஹேண்ட்புக்கைப் பற்றி ஓரளவு பார்த்துவிட்டோம். 12 கேரக்டர் வகைகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு கிளைகள். 'இனம்' என்பதற்குப் போட்டிருந்த 'ரேஸ்' என்ற சொல் போய் 'ஸ்பீஷீஸ்' வந்திருக்கிறது. முன்பு குள்ளர் என்றால் உடல்வலு, எல்ஃப் என்றால் சுறுசுறுப்பு என்று பிறப்பை வைத்துப் புள்ளிகள் கிடைக்கும். இப்போது அந்தப் புள்ளிகள் உங்கள் கேரக்டரின் முந்தைய வாழ்க்கையிலிருந்து வருகின்றன. விவசாயியாக இருந்தாரா, சிப்பாயாக இருந்தாரா என்பதைப் பொறுத்து. பலர் கேட்டு வாங்கிய மாற்றம் இது. ஆனால், பாதி எல்ஃப், பாதி ஆர்க் இனங்கள் புதிய ஹேண்ட்புக்கில் இல்லை. இரண்டு உலகத்துக்கும் நடுவே நிற்கும் கேரக்டர்களோடு தங்களை அடையாளம் கண்ட ரசிகர்களுக்கு இது வலித்தது. பழைய புத்தகத்திலிருந்து எடுத்து விளையாடலாம் என்ற வழி திறந்தேதான் இருக்கிறது. இருந்தாலும், சொந்த ஆள் ஆல்பத்தில் இல்லை என்றால் வருத்தம் வரத்தானே செய்யும்?

பாலடின் ரசிகர்களுக்குக் கோபம். அவர்களின் அடையாளமான தெய்விக அடியை ஒரே முறையில் எத்தனை தடவை வேண்டுமானாலும் அடித்தது அந்தக் காலம். இப்போது அது ஒரு மந்திரம், முறைக்கு ஒரே தடவை. என்னைக் கேட்டால் சரியான முடிவு. டன்ஜன் மாஸ்டர் ஒரு மாதம் உட்கார்ந்து தயார் செய்த வில்லன் மூன்று அடியில் காலியாவதைப் பார்ப்பது கொடுமை.

ரேஞ்சருக்கு வருவோம். காட்டில் வேட்டையாடும் இந்தக் கேரக்டரைச் சரிசெய்யச் சொல்லி ரசிகர்கள் கேட்டது பத்து வருடமாக. கிடைத்தது என்ன? ஏறக்குறைய எல்லாமே 'ஹன்டர்ஸ் மார்க்' என்ற ஒரே மந்திரத்தைச் சுற்றி. அந்த மந்திரம் நடக்கும்போது கவனம் வேண்டும் என்பதால் கவனம் கேட்கும் வேறு நல்ல மந்திரம் எதையும் கூடவே பயன்படுத்த முடியாது. சரி, கடைசியில் ஏதாவது பெருசா தருவாங்கன்னு 20-ம் லெவலுக்குப் போனால், அந்த மந்திரத்தின் 6 முகப் பகடை 10 முகப் பகடை ஆகிறது. சராசரியாகக் கணக்குப் போட்டால் ஓர் அடிக்கு 2 புள்ளி கூடுதல். 20 லெவல் ஏறிவர சில டேபிள்களுக்கு வருடக்கணக்கில் ஆகும்!

அதிகம் பேசப்படாத, ஆனால் உண்மையிலேயே தேவையாக இருந்த திருத்தம், டன்ஜன் மாஸ்டருக்கான கைடு. பழைய புத்தகத்தை முதல்முறை திறப்பவரிடம் அது, 'ஒரு உலகத்தைப் படை' என்று ஆரம்பிக்கும். கடவுள்கள், சாம்ராஜ்யங்கள் எல்லாம் கடந்து, டேபிளில் ஆட்டத்தை எப்படி நடத்துவது என்பது எட்டாவது அத்தியாயத்தில்தான் வரும். டிரைவிங் கத்துக்க வந்தவரிடம் முதலில் ரோடு போடச் சொன்ன கதை. நான்கு பேர் விளையாடத் தயார், ஆனால் நடத்த ஆள் இல்லை என்று எத்தனையோ ஆட்டங்கள் ஆரம்பிக்காமலே போகின்றன. புதிய கைடு நேரே விஷயத்துக்கு வருகிறது. அடிப்படை, நடத்தும் முறை, பிறகுதான் மற்றதெல்லாம். சொந்த உலகம் படைக்க நேரமில்லாதவர்களுக்கு, கைகாக்ஸ் உருவாக்கிய 'கிரேஹாக்' உலகம் மேப்போடு ரெடியாக இருக்கிறது. மான்ஸ்டர் மேனுவலில் 500-க்கும் மேற்பட்ட ஜீவன்கள். உயர்ந்த லெவலில் அரக்கர்கள் நோஞ்சானாக இருக்கிறார்கள் என்ற புகாருக்கு மருந்து போட்டிருக்கிறார்கள்.

2025 ஏப்ரலில், திருத்திய அடிப்படை ரூல்களும் கிரியேட்டிவ் காமன்ஸில் வந்துவிட்டன. அதே வருடம், இந்தத் திருத்தத்தில் முக்கியப் பங்கு வகித்த ஜெரமி கிராஃபோர்டும் கிறிஸ் பெர்கின்ஸும் விசார்ட்ஸை விட்டு விலகி, கிரிட்டிகல் ரோலின் பதிப்பகமான 'டாரிங்டன் பிரஸ்'ஸில் சேர்ந்துவிட்டார்கள். ஆக, ரசிகர்களின் அடுத்த லிஸ்ட் வேறு ஆட்களின் மேஜைக்குப் போகிறது.

'நான் இப்பதான் ஆரம்பிக்கப்போறேன், இதெல்லாம் வாங்கணுமா?' என்று கேட்கிறீர்களா? வேண்டாம். இலவச ரூல்ஸ் விசார்ட்ஸின் தளத்திலேயே இருக்கிறது, முதல் சில மாதத்துக்கு அதுவே தாராளம். கையில் 2014 புத்தகம் இருந்தால் தூக்கிப்போடாதீர்கள், பழைய கதைகளைப் புது ரூலிலும் ஓட்டலாம். செலவு செய்தே தீருவேன் என்றால், உங்கள் கூட்டத்தில் ஆட்டத்தை நடத்தப்போகிறவருக்கு அந்த கைடை எல்லோரும் ஷேர் போட்டு வாங்கிக்கொடுங்கள். ரேஞ்சர்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் ஃப்ரெண்ட் ஒருத்தர் நிச்சயம் இருப்பார். அவருடைய 10 முகப் பகடையை 11-ம் லெவலிலேயே கொடுத்துவிடலாமா என்று, முதல் ஆட்டத்துக்கு முன்பே டன்ஜன் மாஸ்டரிடம் பேசிவையுங்கள்.